சாம்பல் நிறத்தில் ஒரு ஜந்து

எழுபதுகளின் நடுவில் நான் திருச்சிக்கு வெளியே ஒரு பெரிய தொழிற்சாலையின் டிராயிங் ஆபீஸில் டிரேசராக இருந்தேன். இன்ஜினியர்கள் பென்சிலில் போட்டுத் தரும் இயந்திரப் படங்களின் மேல் டிரேசிங் தாளை விரித்து, மையில் பிசிறில்லாமல் நகல் எடுப்பது வேலை. வீடு ஸ்ரீரங்கத்தில், வடக்கு உத்திர வீதியில். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். காலையில் பஸ் பிடித்துப் போய், மாலையில் விரல் நுனியில் மையோடு திரும்பி வருவேன். என்னைப் பற்றிப் பேச எங்கள் வீதியில் யாருக்கும் எதுவும் இருந்ததில்லை. பிறகு நான் ஒரு ஜந்துவைச் செய்தேன். அதற்கப்புறம் நிறையப் பேசினார்கள்.

அதற்கு விதை போட்டவள் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரி. அவளும் டிரேசர்தான். மேலப்புதூரில் சர்ச்சுக்குப் பின்னால் வீடு. அவளுடைய அண்ணன் தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு பிலிம் சொசைட்டியில் மெம்பர். சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு காலேஜ் ஹாலில் படம் போடுவார்கள். மெட்ராஸிலிருந்து ரயிலில் தகரப் பெட்டியில் வரும் வெளிநாட்டுப் படங்கள். பாதிக்கு மேல் பழைய கறுப்பு வெள்ளை. அதில் அவளுக்குப் பிடித்தவை விஞ்ஞானமும் பேயும் கலந்த படங்கள். ஆராய்ச்சிக்காரர் எதையோ கிளறுவார், எதுவோ எழுந்து வரும், கதாநாயகி மயங்கி விழுவாள்.

"வாடி, ஒரு தடவை வந்து பாரு. பயந்தா என் கையைப் புடிச்சுக்க" என்று கூப்பிட்டாள்.

நான் போனேன். கடலுக்கடியிலிருந்து செதில் செதிலாக ஒன்று எழுந்து வந்தது. ஹாலில் முணுமுணுப்பு அடங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். நான் நாற்காலியின் விளிம்புக்கு வந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னடி பாக்குற?"

"முதுகுல தையல் எங்க வருதுன்னு பாக்குறேன்."

தையல் தெரியவில்லை. யாரோ ஒருவர் அந்த உடுப்புக்குள் நின்றுகொண்டு வியர்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் அவர் எந்த வழியாக உள்ளே போனார் என்பது தெரியவில்லை. மறைத்தவன் கெட்டிக்காரன். அந்த வாரம் முழுக்க, பைப் வளைவுகளை நகல் எடுத்துக்கொண்டே அதைப் பற்றித்தான் யோசித்தேன்.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமையும் விட்டதில்லை. ராட்சதப் பூச்சிகளைப் பார்த்தேன். பனிக்குள்ளிருந்து எடுத்த ஒன்றைப் பார்த்தேன். மண்டை பெருத்த வேற்றுக்கிரகத்து ஆசாமிகளைப் பார்த்தேன். பல ஜந்துக்கள் மகா மட்டம். நடந்தால் முழங்காலில் ரப்பர் மடியும். வாயைத் திறந்தால் நாக்குக்குப் பின்னால் துணி தெரியும். நல்லவை சில இருந்தன. அவற்றைப் பார்த்தால், படம் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே அவை எங்கோ இருந்தன, எதையோ தின்றன, தூங்கின என்று தோன்றும். அப்படித் தோன்ற வைத்தவர்களைத்தான் நான் படித்தேன், அவர்கள் யாரென்று தெரியாமலே. ஒன்று கவனித்தேன். நிறம் இல்லாததால் அவர்கள் எல்லாவற்றையும் தோலில் வைத்தார்கள். மேடு, பள்ளம், சொரசொரப்பு, ஈரம். முக்கியமாக ஈரம். காய்ந்த ஜந்துவைப் பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும். அதன் தோள்மேல் வெளிச்சம் ஒரு கோடாக வழுக்கி ஓடினால் அதற்கு உயிர் வந்துவிடும்.

எங்கள் தொழிற்சாலையில் ஆண்டுக்கொரு முறை டிபார்ட்மென்டுகளுக்குள் நாடகப் போட்டி நடக்கும். அந்த வருஷம் இரண்டு மூன்று டிபார்ட்மென்டுகள் சேர்ந்த எங்கள் அணியின் நாடகத்தை எழுதி நடத்தினவர் அக்கவுன்ட்ஸ் ஆபீசர் ஒருவர். காவிரியில் பாலத்துக்காகத் தூண் இறக்கத் தோண்டும்போது மணலுக்கடியிலிருந்து ஒரு ஜந்து வெளியே வருகிறது என்பது கதை. பக்கத்து மேஜைச் சிநேகிதியும் நானும் மேடைத் திரைக்குப் படம் எழுதப் போயிருந்தோம். ஜந்துவுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு கோரைப்பல், தொங்குற நாக்கு, கையில நகம். டிராமா கம்பெனியில வாடகைக்குக் கிடைக்கும்மா" என்றார்.

"சார், அது ஆத்துக்கு அடியில இருக்குற ஜந்து. நாக்கு எதுக்கு சார் தொங்கணும்? அது எப்படி மூச்சு விடும்னு முதல்ல சொல்லுங்க."

"மூச்சா? அது கதையில எங்கம்மா வருது?"

"வரணும் சார். அது இல்லன்னா ராட்சஸன் வேஷம்தான்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபக்காரர் இல்லை. "சரி, நீங்களே ஒண்ணு வரைஞ்சு கொண்டாங்க. பாக்கலாம்" என்றார்.

எனக்குத் தெரிந்த ஒரே முறையில் வரைந்தேன். முன்பக்கத் தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம், மேலிருந்து பார்த்தால் எப்படி, கழுத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே என்ன. அளவுகள் குறித்தேன். டிரேசிங் தாளில் மையில் போட்டு, புளூபிரின்ட் கூட எடுத்தேன். டிராயிங் ஆபீஸே என் மேஜையைச் சுற்றி நின்றது. இன்ஜினியர் ஒருவர் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "கழுத்துல பேரிங் போட்டிருக்கலாமே, சுலபமா திரும்பும்" என்றார். அவர் கேலி செய்யவில்லை. அன்றைக்குத்தான் இதை நான் செய்தே தீருவேன் என்று எனக்குப் பிடிவாதம் வந்தது.

எதையும் நான் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. எங்கள் ஸ்ரீரங்கம் கோயிலில் சேஷராயர் மண்டபத்துத் தூண்களை சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான். யாளிக்கு யானையின் துதிக்கை, சிங்கத்தின் உடம்பு. எல்லாம் கடன் வாங்கியவை. ஆனால் துதிக்கை முகத்தோடு சேரும் இடத்தில் தோல் சுருங்கி இழுபடுவதைச் சிற்பி செதுக்கியிருப்பான். அதனால்தான் அது நிஜமாக நிற்கிறது. நானும் கடன் வாங்கினேன். கைவிரல் பல்லியிடமிருந்து. கழுத்துத் தோல் ஓணானிடமிருந்து. மூச்சுக்கு மீன். அங்கேதான் சிக்கல். நான் மீனை உயிரோடும் பார்த்ததில்லை, தட்டிலும் பார்த்ததில்லை. கொள்ளிடத்தில் தண்ணீருக்குள் ஓடும் நிழல்தான் எனக்குத் தெரிந்த மீன்.

சிநேகிதி என்னை மீன் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனாள். வாசலிலேயே முந்தானை மூக்குக்குப் போய்விட்டது. ஒரு தொட்டியில் விரால் மீன்கள் உயிரோடு கிடந்தன. அவற்றின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். கண்கள் முன்னால் இல்லை, பக்கவாட்டில் இருந்தன. நம்மைப் பார்க்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. கன்னத்தின் ஓரத்தில் மூடி போல ஒன்று திறந்து, மூடி, திறந்துகொண்டிருந்தது.

மீன்கார அம்மா பொறுத்துப் பார்த்தாள். "வாங்குறீங்களா, பாத்துக்கிட்டே இருக்கப் போறீங்களா?"

"பாக்கத்தான் வந்திருக்காங்க. இவங்க ஐயர் வீட்டுப் பொண்ணு" என்றாள் சிநேகிதி.

"ஐயங்கார்" என்றேன், மூக்கைப் பிடித்தபடியே.

அந்த அம்மா சிரித்துவிட்டாள். பலகையில் கிடந்த ஒரு மீனை எடுத்து, கட்டைவிரலால் அந்த மூடியைத் தூக்கிக் காட்டினாள். "இதான் செவுளு. உள்ள பாருங்க, நல்லா செவந்து இருக்கா? இருந்தா புது மீனு."

உள்ளே அடுக்கடுக்காகச் சிவப்புச் சீப்புகள் மாதிரி இருந்தன. அந்தப் படங்களில் சிவப்பெல்லாம் கறுப்பாகத்தான் தெரியும், கதாநாயகியின் உதடு உட்பட. அப்படியானால் என் ஜந்துவின் செவுள் திறக்கும்போது உள்ளே கறுப்பு தெரிய வேண்டும். தோல் வெளிறி, உள்ளே கறுத்து. பஸ்ஸில் திரும்பும்போது முந்தானையெல்லாம் மீன் வாசனை. எனக்கு அது உறைக்கவே இல்லை.

உடம்பை மேலப்புதூரில் அவள் வீட்டில் தைத்தோம். கோணியின் மேல் பழைய சைக்கிள் டியூபை வெட்டி, செதிலாக அடுக்கி, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனால் ஒட்டினோம். தையலை முதுகில் விடாமல், விலாவோரம் செதில்களுக்கு அடியில் மறைத்தேன். தலை ஸ்ரீரங்கத்தில் உருவானது. களிமண் அச்சின் மேல் காகிதக் கூழ். கூழில் பூச்சி வராமலிருக்க வெந்தயம் அரைத்துச் சேர்க்க வேண்டும். அம்மா ஒரு நாள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "தளிகைக்கு வெந்தயம் இல்லே. ஜந்துவுக்கு மாத்திரம் இருக்கு" என்றாள். செவுளுக்கு டியூப் ரப்பரில் மூன்று மடல்கள். அடியில் சைக்கிள் ரிக்‌ஷா ஹாரனின் ரப்பர் உருண்டை ஒன்றை வைத்து, அதிலிருந்து ஒரு குழாயை அக்குளுக்கு இறக்கி, அங்கே இன்னொரு உருண்டை. உள்ளே இருப்பவர் கையை இறுக்கினால் செவுள் திறக்கும், தளர்த்தினால் மூடும்.

உள்ளே இருப்பவராக வந்தவர் ஒரு கிரேன் ஆபரேட்டர். மண்ணச்சநல்லூர்க்காரர், நல்ல உயரம், ஒல்லி. அவரை நாடகத்தில் சேர்த்ததே உயரத்துக்காகத்தான். முதல் நாள் உடுப்பைப் போட்டுக்கொண்டு அவர் நடந்ததைப் பார்த்ததும் சிநேகிதியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கை தூக்குவது, திரும்புவது, எதிலும் ஆரம்பமும் முடிவும் தெரியவில்லை.

"எப்படிங்க இப்படி நடக்குறீங்க?" என்று கேட்டேன்.

"லோடு தூக்குற மாதிரிதாங்க. வெடுக்குனு தூக்கினா ஆடும். நிறுத்தும்போதும் அப்படித்தான்" என்றார் தலைக்குள்ளிருந்து.

இவ்வளவும் சரியாக வந்தும், முதல் மேடை ஒத்திகையில் எல்லாரும் சிரித்தார்கள். மேடை கலர்தானே என்று நான் அதற்குப் பச்சை வண்ணம் அடித்திருந்தேன். டிராமா லைட்டுகளில் அப்போதெல்லாம் சிவப்பிலும் நீலத்திலும் கண்ணாடிக் காகிதம் கட்டியிருப்பார்கள். அந்த வெளிச்சத்தில் என் ஜந்து வந்து நின்றதும், கதாநாயகி வசனத்தை மறந்து சிரித்தாள். "தவளை மாதிரி இருக்கும்மா" என்றார் ஆபீசர் சங்கடத்தோடு.

அவர் சொன்னது சரி. தவளை மாதிரிதான் இருந்தது. பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்வரை அதையே யோசித்தேன். செதில் சரி, நடை சரி, மூச்சு சரி. எது தப்பு? படத்தில் பார்த்ததையெல்லாம் நினைவில் ஓட்டிப் பார்த்தேன். அந்த ஜந்துக்கள் தனியாகச் சாம்பல் நிறத்தில் இல்லை. அவற்றைச் சுற்றியிருந்த மனிதர்கள், சுவர், ஆகாயம் எல்லாமே சாம்பல். ஒரே உலகத்தில் இருந்தன. நான் என் ஜந்துவை வண்ணத்துக்குள் தள்ளிவிட்டு, பயப்படுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

மறுநாள் ஆபீசரிடம் சொன்னேன். "சார், முதல் அங்கம் கலர்ல இருக்கட்டும். ஜந்து வர்ற ரெண்டாவது அங்கத்துல மேடையில நிறமே இருக்கக் கூடாது. திரை, உடுப்பு, முகம், எதுலயும்."

"முகத்துல எப்படிம்மா நிறத்தை எடுப்பீங்க?"

"பவுடரோட விபூதி கலந்து பூசலாம் சார். உதட்டுக்குக் கண்மை."

அவர் என் நெற்றியைப் பார்த்தார். "உங்க வீட்டுல விபூதின்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"வீட்டுல பூசலியே சார். கதாநாயகிக்குத்தானே."

ஜந்துவுக்குச் சாம்பல் பூசினேன். மேடுகளில் வெளிர், பள்ளங்களில் கறுப்பு, டிராயிங்கில் நிழல் போடுவது போல. கண்ணுக்கு பிங்பாங் பந்து பாதி, அதன்மேல் நிறமில்லாத நெயில் பாலிஷ். தலை மட்டும் மறுபடி எங்கள் வீட்டுக்குக் காய வந்தது. அது கூடத்து மூலையில் ஸ்டூல்மேல் இருந்தபோதுதான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

அம்மா அதன்மேல் ஒரு வேஷ்டியைப் போர்த்தியிருந்தாள். மின்விசிறிக் காற்றுக்கு வேஷ்டி நழுவியது. சொஜ்ஜியைக் கையில் எடுத்த பிள்ளையின் மாமாவுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

"அது என்னது?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அப்பா பதில் சொன்னார். "ஜந்து. நம்ம கொழந்தை பண்ணினது."

"ஆபீஸ்ல படம் வரையறான்னு சொன்னேளே?"

"வரைஞ்சுதான் பண்ணினா." அப்பா எழுந்து போய் அந்தத் தலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து மடியில் வைத்துக்கொண்டார். குழாயில் தொங்கிய ரப்பர் உருண்டையை அழுத்தினார். "இங்க பாருங்கோ, செவுள் திறக்கறதோல்லியோ? உள்ள கறுப்பா தெரியறது பாருங்கோ. அது சிவப்பு. கறுப்பு வெள்ளைல சிவப்பு அப்படித்தான் தெரியும். கண்ணு ஏன் பக்கத்துல இருக்குன்னா, அப்பதான் அது நம்மளப் பார்க்கறதான்னு தெரியாது."

தினமும் ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் சொன்னதெல்லாம் அவை. அப்பா பேப்பரைப் பார்த்துக்கொண்டு ம் கொட்டுவார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிள்ளையின் அம்மா, "ஆத்துக் கூடத்துல மீன் மூஞ்சியை வெச்சிண்டு இருக்கேளே" என்றாள்.

"கோயிலுக்குள்ள யாளி இருக்கு. பெருமாள் ஒண்ணும் சொல்லலியே" என்றார் அப்பா.

பிள்ளை மட்டும் ஒரு தரம் உருண்டையை அழுத்திப் பார்க்கக் கை நீட்டினார். அவருடைய அம்மா பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டார். அந்த வாரமே, ஜாதகம் சரியாக அமையவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பா, "தலை காஞ்சாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

போட்டியன்று கம்யூனிட்டி ஹால் நிரம்பியிருந்தது. முதல் அங்கம் வழக்கம்போல ஓடியது. இடைவேளையில் நாங்கள் லைட்டுகளிலிருந்து வண்ணக் காகிதங்களை உரித்தோம், நடிகர்களின் முகத்தில் பவுடரும் விபூதியும் பூசினோம், ஜந்துவின் மேல் கிளிசரின் தடவினோம். திரை விலகியது. எனக்கு நினைவிருக்கிறது, கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. யாரோ "என்னய்யா, பழைய பிலிம் மாதிரி இருக்கு" என்றார்கள். பின் குழிக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. சிரிப்பு வருமோ என்று பக்கத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. தோள் வந்தது. ஈரத்தின்மேல் வெளிச்சம் கோடு போட்டு ஓடியது. அது முழுசாக எழுந்து நின்று, ஒன்றும் செய்யாமல், மூச்சு வாங்கியது. செவுள் திறந்து மூடியது. அந்த ஹாலில் நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை.

முன் வரிசையில் ஒரு சின்னக் குழந்தை தெளிவாகச் சொன்னது. "அம்மா, அதுக்கு மூச்சு முட்டுது. தண்ணியில விடச் சொல்லும்மா."

யாரும் அந்தக் குழந்தையை அடக்கவில்லை. கதைப்படி கடைசியில் தொழிலாளிகள் கடப்பாரையால் அதை அடித்துக் கொல்ல வேண்டும். கொன்றார்கள். கைதட்டல் வரும் இடம் அது. ஹால் அமைதியாக இருந்தது. கிரேன்காரர் கீழே கிடந்தபடி செவுளை ஒரு தரம் திறந்து, மெதுவாக, மிக மெதுவாக மூடினார். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. திரை விழுந்த பிறகுதான் கைதட்டினார்கள். நெடுநேரம் தட்டினார்கள்.

முதல் பரிசு வேறொரு டிபார்ட்மென்டின் குடும்ப நாடகத்துக்குப் போனது. எங்களுக்கு இரண்டாவது. தீர்ப்பு சொல்ல வந்திருந்த காலேஜ் பேராசிரியர் மைக் முன்னால் நின்று, "அந்த ஜந்துவையும் அதைச் செய்தவரையும் மேடைக்கு வரச் சொல்லுங்கள். அவரை நான் பார்க்க வேண்டும்" என்றார். ஆபீசர் என் தோளைத் தொட்டு முன்னால் அனுப்பினார். நான் ஜந்துவின் பக்கத்தில் போய் நின்றபோது, பேராசிரியர் என்னைத் தாண்டிப் பின்னால் யாரையோ தேடினார்.

"நான்தாங்க" என்றேன்.

உள்ளிருந்து கிரேன்காரர் மெல்லக் கேட்டார். "தலையைக் கழட்டிடவாங்க? வேர்த்துக் கொட்டுது."

"இன்னும் கொஞ்ச நேரம் இருங்க. எல்லாரும் பாக்கட்டும்."

அவர் நிஜமாகவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். செவுள் அசைந்துகொண்டே இருந்தது. மூன்றாவது வரிசையில் அப்பா எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார். எங்கள் அப்பா பொது இடத்தில் எழுந்து நின்று நான் பார்த்தது கோயிலில் மட்டும்தான். திரும்பும் பஸ்ஸில் அம்மா எனக்குப் பக்கத்தில் இடம் பிடித்தாள். பிறகு, "அத ஏன்டி கொன்னா? பாவம்" என்றாள். அதைவிடப் பெரிய பாராட்டை நான் இன்றுவரை வாங்கியதில்லை.

அந்த பிலிம் சொசைட்டிக்காரர்கள் என் டிராயிங்குகளை வாங்கிப் போய், ஹாலின் வாசலில் மாட்டினார்கள். எண்பதுகள் பிறந்தபோது ஒரு சனிக்கிழமை, படத்துக்கு முன்னால் என்னைப் பேசவும் சொன்னார்கள். கல்யாணம் ஆகி, வயிற்றில் என் பெரிய பெண் இருந்த சமயம். ஜந்துக்கள் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் பேச்சு. மீன் மார்க்கெட்டைப் பற்றியும் மண்டபத்துத் தூணைப் பற்றியும் சொன்னேன். அந்தப் படங்களைச் செய்தவர்களும் தங்கள் ஊர் மீனையும் பூச்சியையும் இப்படித்தான் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள் என்றேன். முடிந்ததும் ஒரு காலேஜ் மாணவி வந்து, "மேடம், இதெல்லாம் எங்க படிச்சீங்க?" என்று கேட்டாள். உங்களை மாதிரி உட்கார்ந்துதான், இதே ஹாலில், என்றேன்.

அதற்குள் இன்னும் சில நாடகங்களுக்கு நான் உருவங்கள் செய்திருந்தேன். அந்த வருஷம் ஆபீசர் எழுதியிருந்தது ஒரு ராட்சதப் பூச்சியின் கதை. அதன் கால்களுக்காகப் பழைய குடைக்கம்பிகளைச் சேர்த்து வைத்திருந்தேன். கேன்டீனில் கிரேன்காரர் டீ டம்ளரோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"இந்தத் தடவை எத்தனை காலுங்க?"

"ஆறு."

அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார். "ரெண்டு என்னோடது. மீதி நாலையும் எப்படி நடக்க வைக்கப் போறீங்க?"

நான் கைப்பையிலிருந்து டிரேசிங் தாளை எடுத்து மேஜைமேல் விரித்தேன்.